எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார்

மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் (டிசம்பர் 15, 1886 - டிசம்பர் 10, 1963) சென்னையில் பிறந்த தாவரவியல் அறிஞர் ஆவார். இவர் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். தமிழகக் கடலோர நீரில் வாழும் நுண்பாசிகளைப் பற்றிய இன்றைய அறிவுக்கு இவரும் இவருடைய மாணவர்களும் அடித்தளம் இட்டனர்.

வாழ்க்கை

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1909 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். சென்னை அரசு அருங்காட்சியகத்திலும், பின்னர் ஆசிரியர் கல்லூரியிலும் பணியாற்றினார். 1920 இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். 1930 இல் இங்கிலாந்து சென்று, பாசியியல் அறிஞர் பிரிட்சு என்பவரிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். ஈரமண்ணில் வளரும் புதிய பாசிப் பேரினம் ஒன்றை 1932 இல் விவரித்து, அதற்குத் தம் ஆசிரியர் நினைவாகப் பிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். இந்தியப் பாசியியல் கழகத்தின் முதல் தலைவரும் இவரே.

ஆய்வுகள்

டயாட்டம் எனப்படும் ஒருசெல் பாசிகள் சிலிக்கா ஓட்டினுள் வாழ்பவை. பெரும்பாலான இனங்களில், செல் பிளவுறுந்தோறும் சேய்ச்செல்களுள் ஒன்று சற்றுச் சிறுத்துவிடுகிறது. ஆக்சோஸ்போர் என்னும் நிலையில் அவை மீண்டும் முழு அளவை அடைகின்றன. சைக்ளோடெல்லா என்ற டயாட்டத்தில் இந்நிகழ்வையும் அதையொட்டிய குன்றற்பிரிவையும் ஐயங்காரும் அவருடைய மாணவர் ஆர். சுப்பிரமணியனும் ஆராய்ந்து 1944 இல் வெளியிட்டனர்.

செல்லின் அளவு கடல்நீரில் முக்கியமானது. உருண்டையான செல்லின் விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகவும் கனஅளவு எட்டு மடங்காகவும் பெருகும். எனவே ஒப்பளவில் கூடுதல் பரப்பு கொண்ட சிறிய செல்கள், நைட்ரசன் குறைந்த நீரிலும் அம்மோனியம் போன்றவற்றை எளிதில் உறிஞ்சுகின்றன. நைட்ரேட் மிகும்போது பெரிய டயாட்டங்கள் விரைந்து பெருகுகின்றன. அவற்றுள் பல, தம் நுண்குமிழிகளில் நைட்ரேட்டைச் சேமித்தும் வைக்கின்றன.

கடற்கரையில் தொடரும் பணி

சுப்பிரமணியன் 1946 இல் சென்னைக் கடலோர மிதவை டயாட்டங்களின் வகைப்பாட்டை வெளியிட்டார். மற்றொரு மாணவரான டி. வி. தேசிகாச்சாரி 1959 இல் நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். இவை இன்றும் இனங்காணப் பயன்படுகின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் கடற்பகுதியில் மிதவைப் பாசிகள் தொடர்ந்து ஆராயப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது உப்பங்கழிகள் இக்கடலில் ஊட்டப்பொருள்களைச் சேர்க்கின்றன. 2007 மார்ச்சில் இங்கு டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகிக் கடல்நீரின் நிறம் மாறியது. அப்போது நீரில் நைட்ரேட் குறைந்தும் அம்மோனியா மிகுந்தும் காணப்பட்டன. இப்பாசி நீரில் கரைந்துள்ள நைட்ரசன் வளிமத்தையே நிலைப்படுத்த வல்லது. டயாட்டங்களால் அது இயலாது. ஆகவே கடலில் நைட்ரசன் எவ்வாறு செலவாகிறது என அறிய, நீரில் பெருகியிருப்பது எந்தப் பாசி என்பதை முதலில் அறிய வேண்டும். ஐயங்காரின் வழிவந்த வகைப்பாட்டியலின் பயன் இதுவே.