கிரேயின் வாக்கு

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், டிங்கிள் தீபகற்பத்தில் உள்ள ஸ்மெர்விக் துறைமுகத்தின் கரையில் இரண்டு வயல்கள் இருக்கின்றன. ஐரிஷ் மொழியில் ஒன்றுக்கு வெட்டு வயல் என்று பெயர். மற்றதற்குத் தலைகளின் வயல். 1580 நவம்பரில் நடந்த ஒன்றை அந்த ஊர் மக்கள் இப்படித்தான் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெயர்களுக்குக் காரணமான ஆர்தர் கிரேயை நான் முதலில் அறிந்தது ஒரு காவிய நாயகனாகத்தான். ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் தனது பெரும் காவியத்தின் ஐந்தாம் நூலில் நீதியின் வீரனாக ஆர்டெகால் என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். அது கிரேயை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஸ்பென்சர் அயர்லாந்தில் கிரேயின் செயலாளராகச் சம்பளம் வாங்கியவர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கிரே 1536இல் பிறந்தார். பிறந்த இடம் இங்கிலாந்து அல்ல, அப்போது ஆங்கிலேயரின் கையிலிருந்த பிரெஞ்சுக் கரைப் பகுதியான கலேயின் எல்லைக் கோட்டையொன்று. தந்தை வில்லியம், வில்டனின் 13ஆவது கிரே பிரபு. போர்க்களமே வாழ்க்கையாக இருந்த மனிதர். 1547இல் ஸ்கொட்லாந்தில் பிங்கி சண்டையில் ஈட்டி வாய்க்குள் பாய்ந்தும் உயிர் தப்பினார். 1549இல் ஒக்ஸ்போர்ட்ஷயரில் கிளர்ச்சி எழுந்தபோது அதை அடக்க அனுப்பப்பட்டவரும் அவரே. அங்கே பாதிரிமார் சிலரை அவரவர் தேவாலயக் கோபுரத்திலேயே தூக்கிலிட உத்தரவிட்டார்.

1558 ஜனவரியில் பிரெஞ்சுப் படை கலேயைக் கைப்பற்றியது. பக்கத்திலிருந்த கீன் கோட்டை மட்டும் இன்னும் சில நாட்கள் நின்றது. அதன் தளபதி வில்லியம் கிரே. இருபத்தொரு வயதைத் தாண்டிய ஆர்தரும் உள்ளே இருந்தார். உதவிக்கு எவரும் வரவில்லை. பீரங்கிகள் மதில்களை உடைத்தன. கடைசியில் கோட்டைக்குள் இருந்த வீரர்களே இனிப் போராட முடியாது என்று மறுத்துவிட்டார்கள். வில்லியம் கிரே சரணடைந்தார்.

எதிரில் நின்ற கீஸ் கோமகன் தான் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைக் காத்தார். சாதாரண வீரர்கள் வெளியேற விடப்பட்டனர். தந்தையும் மகனும் போர்க்கைதிகளாயினர். விடுதலைக்கான மீட்புப் பணம் பெருந்தொகை. அதற்காகக் குடும்பத்தின் பூர்வீகமான வில்டன் கோட்டையையே விற்க வேண்டியிருந்தது. சொத்துப் போனது, உயிர் மிஞ்சியது. ஆர்தர் பின்னாளில் தந்தையின் போர்ச் சேவைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கீன் முற்றுகையின் கதை அதில் விரிவாக இருக்கிறது. சரணடைதல் அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம் அல்ல என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடக்கலாம். 1560இல் லீத் முற்றுகையில் காயம். 1562இல் தந்தை இறக்கப் பிரபுப் பட்டம். 1572இல் கார்ட்டர் விருது. அயலவரான ஜோன் போர்ட்டெஸ்கியுவோடு வேட்டைக்காட்டு உரிமை பற்றித் தகராறு வளர்த்து, அவரைத் தாக்கிச் சில காலம் சிறையிலும் இருந்தார்.

1580இல் எலிசபெத் அரசி அவரை அயர்லாந்தின் ஆளுநராக அனுப்பினார். மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபு கிளர்ந்திருந்தார். லென்ஸ்டரில் இன்னொரு கிளர்ச்சி. கிரே வந்திறங்கி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஓகஸ்ட் 25ஆம் திகதி, நிலம் தெரியாத படையை கிளென்மலூர் பள்ளத்தாக்குக்குள் அனுப்பினார். ஃபியாக் மக்ஹியூ ஓ'பேர்னின் ஆட்கள் மரங்களுக்குள் காத்திருந்தனர். ஆங்கிலப் படை சிதைந்தது. புதிய ஆளுநருக்கு அது பெரும் அவமானம்.

அந்த அவமானத்தோடுதான் அவர் ஸ்மெர்விக்குக்குப் போனார். கிளர்ச்சிக்கு உதவப் பாப்பரசர் அனுப்பிய இத்தாலியரும் ஸ்பானியரும், கடலோர மண்கோட்டை ஒன்றில் ஐரிஷ் மக்கள் சிலருடன் அடைபட்டிருந்தனர். தரையில் கிரேயின் பீரங்கிகள், கடலில் வின்டரின் கப்பல்கள். நவம்பர் 10ஆம் திகதி கோட்டையினர் கொடிகளைத் தாழ்த்தி, ஆயுதங்களைக் கீழே வைத்தனர். அதன்பின் கிரே தனது படைப்பிரிவுகளை உள்ளே அனுப்பினார். ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டதாக அரசிக்கு அவரே எழுதினார். ஐரிஷ் பெண்களும் தூக்கிலிடப்பட்டனர். கொலைக்குப் பொறுப்பாக நின்ற கப்டன்களில் ஒருவராக வோல்ட்டர் ராலேயின் பெயர் அக்கால வரலாற்று நூலில் வருகிறது. தளபதிகள் சிலரை மட்டும் கிரே உயிரோடு வைத்தார். மீட்புப் பணம் தரக்கூடியவர்கள் அவர்கள்.

உயிருக்கு உத்தரவாதம் கொடுத்தே அவர்களை வெளியே எடுத்தார் என்று ஐரிஷ் தரப்புச் சொன்னது. கிரேயின் வாக்கு என்பதே துரோகத்தைக் குறிக்கும் பழமொழியாயிற்று. கிரே அதை மறுத்தார். நிபந்தனையற்ற சரணையே கேட்டதாக எழுதினார். ஸ்பென்சர் அவருக்காக வாதாடும்போது, அவர்கள் எந்த மன்னனின் ஆணையும் இல்லாமல் வந்தவர்கள், ஆகவே போர்க்கைதிகள் அல்லர் என்றார். வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை அதில் தொங்கிக்கொண்டிருப்பது வீண். ஆயுதங்கள் கீழே வைக்கப்பட்ட பிறகே கொலை நடந்தது என்பதைக் கிரேயின் கடிதமே சொல்கிறது. சரணடைந்த சாதாரண வீரனை என்ன செய்வது என்று கீனில் அவருக்கு ஒருவர் காட்டியிருந்தார்.

அரசி பாராட்டி எழுதினார். கிரே இன்னும் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பயிர்களை எரித்தும் மாடுகளைக் கவர்ந்தும் நடந்த போரில் மன்ஸ்டர் பட்டினியில் விழுந்தது. 1582இல் அரை ஆண்டுக்குள் அங்கே 30,000 பேர் பசியால் இறந்ததாக ஆங்கில அதிகாரி ஒருவரே கணக்குச் சொன்னார். எலும்பும் தோலுமாய்த் தவழ்ந்துவந்த மக்களை ஸ்பென்சரும் எழுதிவைத்தார். அதே பக்கங்களில் தன் எசமானைக் கருணையுள்ளவர் என்றும் சொன்னார்! முன்னாள் நீதியரசர் நிக்கலஸ் நியூஜென்ட்டையும் கிரே தூக்கிலிட்டார். செலவும் கூடியது, முறைப்பாடுகளும் கூடின. 1582 ஓகஸ்ட் இறுதியில் அவர் கடனோடு நாடு திரும்பினார்.

பிறகு 1586இல் ஸ்கொட்லாந்து அரசி மேரியை விசாரித்த ஆணையாளர்களில் ஒருவராக இருந்தார். மேரியின் மரண ஆணையை அனுப்பிய செயலாளர் டேவிசன் தண்டிக்கப்பட்டபோது, அவருக்காகத் துணிந்து பேசியவர் கிரே. கடமையைச் செய்த அதிகாரிக்காக அவரால் இரங்க முடிந்தது. 1593 ஒக்டோபர் 14ஆம் திகதி இறந்து, பக்கிங்ஹாம்ஷயரின் வாடனில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் தோமஸ் 1603இல் மன்னர் ஜேம்ஸுக்கு எதிரான சதியில் குற்றவாளியாகக் காணப்பட்டார். தலை வெட்டப்படும் மேடைவரை கொண்டுபோய்த்தான் உயிர்ப்பிச்சை கொடுத்தார்கள். பட்டமும் நிலமும் பறிபோயின. 1614இல் இலண்டன் கோபுரச் சிறையில் அவர் இறந்தபோது, அதே சிறையில் இன்னொரு கைதியாக இருந்தவர் வோல்ட்டர் ராலே.