அரிப்புக் கோட்டைக்கு நடந்து வந்த கைதி

முள்ளிக்குளத்திலிருந்து கரையோரமாக வடக்கே, சிலாவத்துறையைத் தாண்டினால் அரிப்பு. அருவி ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டையொன்று இடிந்து கிடக்கிறது. பலர் இதை அல்லிராணி கோட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். அது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை, வேறு இடம்.

1679 ஒக்டோபர் 18ஆம் திகதி இந்தச் சிறு கோட்டைக்குக் காட்டிலிருந்து இருவர் நடந்து வந்தார்கள். ஒருவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பதரை வருடம் கைதியாக இருந்தவர்.

1641இல் லண்டனில் பிறந்தவர் நொக்ஸ். தகப்பன் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய கப்பலின் தலைவர். புயலில் பாய்மரம் சேதமான அந்தக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக் கொண்டுபோனார்கள். அப்போது நொக்ஸுக்கு வயது 19. அடுத்த வருடம் பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். தானும் காய்ச்சலில் கிடந்த மகன்தான் அவரை அடக்கம் செய்தார்.

அவர்களை யாரும் கூட்டில் அடைக்கவில்லை. கிராமங்களில் பிரித்து விட்டார்கள். ஊரார் சோறு போட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போவது மட்டும் முடியாது. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதெத்தவில் காணி வாங்கி வீடும் கட்டினார். கூட வந்தவர்கள் சிலர் கலியாணம் செய்து அங்கேயே தங்கிவிட்டார்கள். நொக்ஸ் செய்யவில்லை. வேர் விட்டால் பிறகு கிளம்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

தலைச்சுமை வியாபாரியாக வடக்கே போய்ப் போய், பாதைகளைப் பல வருடங்களாகப் படித்துக்கொண்டார். கடைசியில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற தோழரோடு அனுராதபுரம் வந்து, அங்கிருந்து அருவி ஆற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பதும் இதே ஆறுதான். ஒருகாலம் ஆயிரக்கணக்கான பிக்குகள் வாழ்ந்த மடாலயங்களின் நகரம் அப்போது பாழடைந்து கிடந்தது. ஆற்றோரம் செதுக்கிய கற்களும் தூண்களும் சிதறிக் கிடந்ததை அவர் பின்னர் எழுதிவைத்தார். யானைக் காட்டையும் வன்னியர் ஆட்சியிலிருந்த தமிழ்ப் பகுதியையும் கடந்து அரிப்பை அடைந்தார்கள்.

1680இல் லண்டன் சேர்ந்தார். மறுவருடம் வெளிவந்த அவரது நூல், அந்தக் காலக் கண்டியை அறிய இன்றும் முக்கிய சான்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில வருடங்களுக்குள் அதே கம்பனியின் கப்பல் தலைவராக, அடிமைகளை வாங்க மடகஸ்காருக்குப் போனார். ஊர் திரும்ப இருபது வருடம் ஏங்கிய மனிதர், மற்றவர்களை அவர்களுடைய ஊரிலிருந்து பிரித்துக் கப்பலேற்றத் துணிந்தார். 1720இல் இறந்தார்.

2007இல் முள்ளிக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சனங்கள், பத்து வருடங்களுக்குப் பிறகே காணியில் ஒரு பகுதியை விடுவிக்கும் அறிவிப்பைக் கேட்டார்கள். வேறு இடத்தில் கூரை கிடைத்தாலும் அது சொந்த ஊராகாது என்பதை அவர்களுக்கு நொக்ஸ் சொல்லித்தரத் தேவையில்லை. அவருடைய பிற்காலம் சொல்வது இன்னொன்று: பட்ட துன்பம் தானாக யாரையும் நீதிமானாக்கிவிடாது. அரிப்புக்குப் போகிறவர்கள் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் நின்று இரண்டையும் சேர்த்தே நினைக்கலாம்.