தேய்ந்ததைப் புதுப்பிக்கும் விண்மீன்

(மூன்றாமாண்டு வேதியியல் மாணவன்)

என் தந்தையார் ஒரு சர்க்கரை ஆலைப் பட்டறையில் வெல்டர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டையெங்கும் தீப்பொறி பட்ட பொத்தல்கள் இருக்கும். கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் தொழிலாளி என்று மட்டும் எழுதினேன். வெல்டர் என்று எழுத ஏனோ கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்கியவர், நான் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே மறைந்த எல்வுட் ஹெய்ன்ஸ் என்னும் அமெரிக்கர்.

சென்ற கோடையில் அரவை முடிந்து ஆலையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. சாப்பாடு எடுத்துச் சென்ற நான், அப்பா ஒரு நீராவி வால்வின் தேய்ந்த இருக்கையைப் புதுப்பிப்பதைக் கண்டேன். முதலில் அதைப் பக்குவமாகச் சூடேற்றினார். அசிட்டிலீன் சற்றுக் கூடிய சுடரை அதன்மேல் பிடித்தார். இரும்பு உருகக்கூடாதாம், அதன் மேற்பரப்பு வியர்ப்பதுபோல் மினுங்க வேண்டுமாம். அந்த நொடியில் கையிலிருந்த கம்பியை உருக்கி அதன்மேல் படரவிட்டார். பிறகு விரிசல் விடாதிருக்க மெல்ல ஆறவைத்தார். கரும்பைச் சிதைக்கும் சுத்தியல்களுக்கு விலை குறைந்த இரும்பு-குரோமியக் கம்பியே போதும், சூட்டையும் அரிப்பையும் சேர்ந்து தாங்க வேண்டிய இடத்திற்கு இந்த ஸ்டெல்லைட்தான் வேண்டும் என்றார். அதை யார் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அவருக்குப் பெட்டியின் மேலிருந்த பெயர் மட்டுமே தெரியும். விடையை நம் கல்லூரி நூலகத்தில் தேடினேன்.

ஹெய்ன்ஸ் 1857 அக்டோபர் 14-ஆம் நாள் இந்தியானா மாநிலத்துப் போர்ட்லண்டில் பிறந்தார். இளமையிலேயே உலோகங்களை உருக்கிப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பயின்று 1881-இல் பட்டம் பெற்றார். இரும்பிலும் எஃகிலும் டங்ஸ்டன் செய்யும் மாற்றமே அவர் ஆய்வேட்டின் பொருள். பின்னர்ச் சில காலம் ஆசிரியப் பணி புரிந்தார். இயற்கை எரிவாயு நிறுவனங்களில் பொறுப்பேற்றார்.

1894 ஜூலை 4 அன்று கோகோமோ நகருக்கு வெளியே, தாம் வடிவமைத்து ஆப்பர்சன் சகோதரர்கள் பட்டறையில் உருவாக்கிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஒரே குதிரைத்திறன் கொண்ட எந்திரம். வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஊர் அவரை மோட்டார்க்காரர் என்றே அறிந்தது. அவர் மனமோ உலைக்களத்தை விட்டு அகலவில்லை. மனைவிக்கு மங்காத கத்தியும் கரண்டியும் செய்து தர விரும்பியதும் அந்த ஆய்வுக்கு ஒரு காரணம் என்பர்.

கோபால்ட்டையும் குரோமியத்தையும் கலந்து அவர் ஆக்கிய உலோகத்திற்கு 1907-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் குன்றாத பளபளப்பைக் கண்டு, விண்மீனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஸ்டெல்லைட் என்று பெயரிட்டார். பின்னர் டங்ஸ்டனும் சேர, கடினம் மேலும் கூடியது. மாணவப் பருவத்து ஆய்வு முப்பதாண்டு கழித்துப் பயன் தந்தது! 1912-இல் தனி நிறுவனம் கண்டார். எஃகு இளகிவிடும் செஞ்சூட்டிலும் ஸ்டெல்லைட் கடினம் இழக்காததால், முதல் உலகப்போர்க் காலத்தில் வெட்டுக்கருவிகளுக்கு அது பெரிதும் தேவைப்பட்டது. துருப்பிடிக்காத எஃகிலும் உழைத்து 1919-இல் காப்புரிமை பெற்றார்.

1920-இல் ஸ்டெல்லைட் நிறுவனம் யூனியன் கார்பைடு வசம் சென்றது. 1924-இல் அவருடைய மோட்டார் நிறுவனம் நொடித்தது. 1925 ஏப்ரல் 13 அன்று கோகோமோவில் அவர் மறைந்தார். அதே இருபதுகளில்தான், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளின் முனையில் ஸ்டெல்லைட்டைப் பற்றவைத்துப் பூசும் முறை பரவியது. முழுப்பொருளையும் விலையுயர்ந்த உலோகத்தால் செய்ய வேண்டியதில்லை; தேயும் இடத்தில் சில மில்லிமீட்டர் போதும் என்பதை உலகம் உணர்ந்தது. கோபால்ட்டின் பிடியில் கெட்டியான குரோமியக் கார்பைடுகள் பதிந்திருப்பதே அந்த உறுதியின் இரகசியம். பேர் வாங்கித் தந்த வண்டி இன்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கத்திக்கும் கரண்டிக்கும் நினைத்த உலோகமோ ஆலைகள்தோறும் உழைக்கிறது.

நண்பர்களே, இதையெல்லாம் ஓர் இரவு அப்பாவிடம் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். முடிவில், அந்த மனிதரும் கையில் சூடு பட்டவராகத்தான் இருப்பார் என்று சொல்லிவிட்டு உறங்கப் போனார். மறுநாள் அவர் புதுப்பித்த வால்வைச் சோதித்தார்கள், ஆவி கசியவில்லை.

இவ்வாண்டு உதவித்தொகைப் படிவம் வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் வெல்டர் என்று தெளிவாக எழுதினேன்.