சுட்டவரே வரைந்தார், வரைந்தவரே காப்பாற்றினார்

டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் பாண்டா லோகோவைப் பார்க்காதவங்க நம்ம காலேஜில் யாரும் இருக்க மாட்டீங்க. 1961-ல் அதற்கு வடிவம் கொடுத்தவர் பீட்டர் ஸ்காட். அதற்கு முப்பது வருஷம் முன்னாடி அவர் என்ன செஞ்சுக்கிட்டிருந்தார் தெரியுமா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, குளிரில் சேற்றில் படுத்து, காட்டு வாத்துகளைச் சுட்டுக்கிட்டிருந்தார்.

1909-ல் லண்டனில் பிறந்தவர். தென் துருவம் வரை போய்த் திரும்பும் வழியில் பனியிலேயே இறந்த கேப்டன் ஸ்காட்தான் அப்பா. பையனுக்கு இயற்கை மேல் ஆர்வம் வர வை என்று, சாகும் முன் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். ஆர்வம் வந்தது, ஆனால் துப்பாக்கியோடு வந்தது! கேம்பிரிட்ஜில் படித்தபோது பக்கத்துச் சதுப்பு நிலங்கள்தான் அவருக்கு இன்னொரு வகுப்பறை. படகின் மூக்கிலேயே பொருத்தின பெரிய துப்பாக்கியோடு, குப்புறப் படுத்தபடி கூட்டத்தை நெருங்குற வேட்டையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இங்கே ஒண்ணு கவனிங்க. பறவை எப்போ கிளம்பும், காத்து மாறினா எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு கிட்டப் போனா மிரளும் என்று தெரியாதவன் வேட்டைக்காரனாக முடியாது. அந்தக் கவனம் அப்படியே அவருடைய ஓவியத்தில் இறங்கியது. விடியல் வானத்தில் வாத்துக் கூட்டம் பறக்கிற அவருடைய படங்கள் நன்றாக விற்றன. 1933-ல் நீன் ஆற்றின் முகத்துவாரத்தில் பாழடைந்து கிடந்த ஒரு கலங்கரை விளக்கத்தில் குடியேறினார். அங்கே உயிரோடு வாத்துகளை வளர்க்கவும் ஆரம்பித்தார். ஆனாபெல் என்று பேர் வைத்த ஒரு வாத்து வசந்தத்தில் வடக்கே பறந்து போய், இலையுதிர் காலத்தில் தானாகவே திரும்பி வந்து இறங்கியது. அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்புறம்தான் அந்தச் சேற்றுத்திட்டு. அவரும் நண்பர்களும் சுட்டதில் ஒரு வாத்துக்கு இரண்டு காலும் உடைந்து, யாரும் நடந்து போக முடியாத சேற்றுக்கு நடுவில் விழுந்துவிட்டது. கொன்று வேதனையை முடிக்கவும் வழியில்லை. மறுநாள் வந்து பார்த்தால் அது இன்னும் உயிரோடு இருந்தது. சும்மா ஒரு ஜாலிக்காக இதைச் செய்ய நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

சினிமாவா இருந்தா அந்த ஷாட்டிலேயே துப்பாக்கியைத் தூக்கி எறிஞ்சிருப்பார். நிஜத்தில் அப்படி நடக்கலை. அதுக்கப்புறமும் பல வருஷம் சுட்டார். எனக்கு அவரை நம்பத் தோணுறதே இதனாலதான். பிடிச்ச ஒண்ணை விடுறது எவ்வளவு கஷ்டம்னு நமக்குத் தெரியாதா என்ன?

போரில் கடற்படையில் இருந்தார். கப்பல்களுக்கு உருமறைப்பு வண்ணத் திட்டம் போட்டார். போர் முடிந்த 1945 டிசம்பரில், செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்லிம்பிரிட்ஜுக்கு வாத்து பார்க்கப் போனார். போருக்காகக் கட்டின கான்கிரீட் பதுங்குகுழியில் இருந்துதான் பார்த்தார். சுடுறதுக்காகக் கட்டின ஓட்டை வழியா ஆயிரக்கணக்கான பறவைகள்! அடுத்த வருஷமே அங்கே நீர்ப்பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கிவிட்டார். துப்பாக்கியும் ஒருவழியாகக் கையை விட்டுப் போனது.

பழைய வித்தை மட்டும் போகலை. இப்போ வேட்டைக்காரனைப் போலவே மறைந்திருந்து, சின்ன ராக்கெட்டுகளால் பெரிய வலையைக் கூட்டத்தின் மேல் பாய்ச்சிப் பிடித்தார்கள். காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும் ஐடியா!

ஹவாய் தீவுகளின் நேனே வாத்து சில டஜனே மிச்சம் இருந்தபோது, 1950-ல் ஒரு ஜோடியை வரவழைத்தார். ஜோடி என்று நினைத்தார்கள். இரண்டுமே முட்டையிட்டு மானத்தை வாங்கிவிட்டன. அவசரமாக ஒரு ஆண் வாத்து விமானத்தில் வந்தது. 1962-ல் ஸ்லிம்பிரிட்ஜில் பிறந்த நேனேக்கள் ஹவாயில் விடப்பட்டன.

1964 வாக்கில், ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியிலிருந்து குளிருக்கு வரும் பியூவிக் அன்னங்களின் அலகில் உள்ள மஞ்சள்-கறுப்புக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்று கண்டுபிடித்தார். வீட்டு ஸ்டூடியோவின் பெரிய ஜன்னலுக்கு வெளியே குளம். ஒவ்வொரு முகத்தையும் வரைந்து, பேரும் வைத்தார். 1989-ல், எண்பது வயசுக்குச் சில நாள் முன்னால் இறந்தார். அலகைப் பார்த்து அன்னத்தை அடையாளம் சொல்லும் அந்த வேலை அவருக்குப் பிறகும் ஸ்லிம்பிரிட்ஜில் தொடர்ந்தது.