அம்புருவாஸ் பாரே சரித்திரம்

பிரான்சு தேசத்து லவால் நகரின் அயலிலே ஏறக்குறைய 1510-ஆம் ஆண்டிற் பிறந்தவர் அம்புருவாஸ் பாரே. அவர் இலத்தீன் கல்லாதவர். க்ஷௌரத்தொழிலாளரிடத்துச் சத்திரவைத்தியம் பயின்று, பாரிசு வைத்தியசாலையிலே தொண்டுசெய்து, பின்னர்ச் சேனையோடு சென்றார்.

அக்காலத்து வைத்தியர், குண்டுபட்ட புண் வெடிமருந்தினால் விஷமேறியதெனக் கொண்டு, மாற்றாகக் கொதிக்கும் எண்ணெயை அதில் வார்ப்பர். 1537-ஆம் ஆண்டளவில் இத்தாலியப் போரிலே எண்ணெய் தீர்ந்துபோக, பாரே முட்டை மஞ்சட்கரு, ரோஜாத்தைலம், டர்ப்பன்டைன் என்பவற்றைக் கலந்து இட்டார். எண்ணெய் பெறாதவர் இறப்பரென்றஞ்சி அன்றிரவு அவர் துயின்றிலர். காலையிற் பார்த்தபொழுது அவர்களே நோவு குறைந்திருந்தனர். எண்ணெய் வார்க்கப்பட்டவரோ சுரமும் வீக்கமும் உற்று வருந்தினர். விஷமென்றது பொய், மாற்றென்றதே கேடு. இதனை 1545-ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

பின்பு அவர் அரசவைத்தியராயினார். ஒன்பதாம் சார்லஸ் மன்னருக்கு (1560–1574) ஒருவர் பெசோவார் என்னும் கல்லைக் கொணர்ந்தார். அது ஆட்டின் இரைப்பையில் விளைவது. எவ்விஷத்தையும் முறிக்குமென்று பலர் நம்பினர். விஷங்கள் தன்மையால் வேறுபடுதலின் ஒரு மருந்து அனைத்தையும் முறியாதென்றார் பாரே. மன்னர் சோதிக்க விரும்பினார். வெள்ளித்தட்டு இரண்டு திருடித் தூக்குத்தண்டனை பெற்ற சமையற்காரன், பிழைத்தால் விடுதலையென்னும் நிபந்தனையோடு உடன்பட்டான். வீரம் என்னும் இரசபாஷாணமும் கல்லும் கொடுக்கப்பட்டன. பாரே அவனுக்கு எண்ணெய் பருக்கியும் பயனின்றி, ஏழு மணிநேரம் துடித்து இறந்தான். உடலைப் பிளந்து பார்க்க, இரைப்பையின் அடி கருகியிருந்தது. மன்னர் கல்லைத் தீயில் இடுவித்தார்.

வீரம் குடலின் உட்டோலை அரித்து, இரத்தத்திற் கலந்து சிறுநீரகங்களை அழிப்பது. நாகத்தின் விஷம் நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும். புடையனின் விஷம் இரத்தம் உறையுந் தன்மையைக் கெடுக்கும். செயல் வேறாதலின் மாற்றும் வேறாகும். பாரேயின் கொள்கை இன்றும் பிழையாகவில்லை.

ஆயினும் இதனை மாணவர்க்கு வெற்றிக்கதையாக மாத்திரம் சொல்லுதல் தகாது. இத்தாலியிலே பாரே புண்பட்டோரைக் காக்க முயன்றவிடத்து உண்மை தானே வெளிப்பட்டது. அரண்மனையிலோ, முன்னரே சொல்லப்பட்ட உண்மையை ஏற்க மனமின்றி ஓருயிர் கொள்ளப்பட்டது. இரண்டிற்குமுள்ள வேற்றுமையையும் மாணவர் உணர்தல் வேண்டும்.

1575-ஆம் ஆண்டில் தம் நூல்களைத் தாய்மொழியாகிய பிரெஞ்சிலே தொகுத்து வெளியிட்டபோது பாரிசு வைத்தியப் பண்டிதர் எதிர்த்தனர். அவர் தளர்ந்திலர். 1582-ஆம் ஆண்டில், பதஞ்செய்த பிணத்தின் பொடியும் ஒற்றைக்கொம்பு விலங்கின் கொம்பும் மருந்தல்லவென்று மற்றொரு நூல் செய்தார். 1590-ஆம் ஆண்டிற் காலமானார்.