பி.எச். கண்ட பெருமகன்

வேதியியல் மாணவர் நாவில் பி.எச். என்ற சொல் ஒலிக்காத நாளில்லை. அதனைத் தந்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் சாரன்சன். 1868 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கியவர், வேதியியலில் ஈடுபாடு கொண்டு அதற்கே மாறினார். 1901 இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியல் துறைத் தலைவரானார்.

அங்கே அமினோ அமிலங்களையும் புரதங்களையும் நொதிகளையும் ஆராய்ந்தார். அமினோ அமிலத்தின் ஒரே மூலக்கூறில் அமிலத் தன்மையுள்ள கார்பாக்சில் தொகுதியும் காரத் தன்மையுள்ள அமினோ தொகுதியும் உள்ளன. ஒன்றன் இயல்பை மற்றொன்று மறைப்பதால், தரம் பார்க்கையில் முடிவுநிலை தெளிவாகத் தெரிவதில்லை. 1907 இல் சாரன்சன் இதற்கு வழி கண்டார். பார்மால்டிஹைடு சேர்த்தால் அது அமினோ தொகுதியுடன் இணைந்து அதன் காரத் தன்மையைக் குன்றச் செய்யும். பின்னர் அமிலத்தைக் காரம் கொண்டு அளந்துவிடலாம்.

ஆனால், நொதியின் வேகத்தை ஆள்வது அமிலத்தின் மொத்த அளவன்று. கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவே. மிகச் சிறிய அந்த எண்களை எளிதாக எழுத அவர் 1909 இல் வகுத்ததே பி.எச். அளவு. செறிவு பத்து மடங்கு குறைந்தால் அளவில் ஓர் எண் கூடும்.

துணைவியார் மார்கரெத்தும் ஆய்வில் துணை நின்றார். 1939 இல் சாரன்சன் மறைந்தார். மண்ணின் தன்மையையும் குருதியின் தன்மையையும் இன்றும் அவர் தந்த எண்ணாலேயே சொல்கிறோம். உழவர் மகன் உலகுக்கு அளித்த கொடை அது!