ஹோவார்ட் கிரப்

சர் ஹோவார்ட் கிரப் (ஜூலை 28, 1844 – செப்டெம்பர் 16, 1931) அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளரும் தொலைநோக்கி வடிவமைப்பாளரும் ஆவார். வியன்னா, கிரீனிச் முதலிய வானாய்வகங்களின் பெருந் தொலைநோக்கிகளை இவரது நிறுவனம் உருவாக்கியது. 1900ஆம் ஆண்டில் இவர் காப்புரிமை பெற்ற எதிரொளிப்புக் குறிநோக்கி, இரண்டாம் உலகப் போர்க்கால வானூர்திகளின் குறிநோக்கிகளுக்கும், இன்று அரைத்தானியங்கித் துப்பாக்கிகளில் பொருத்தப்படும் செம்புள்ளிக் குறிநோக்கிகளுக்கும் அடிப்படையாகும். தொலைநோக்கிகளால் புகழ் பெற்ற இவரது நிறுவனம், முதலாம் உலகப் போருக்குப் பின்னர் நிதி நெருக்கடியால் அவர் கையைவிட்டுச் சென்றது.

இளமை

ஹோவார்ட் கிரப் டப்ளின் நகரில் பிறந்தார். இவரது தந்தை தாமஸ் கிரப், அயர்லாந்து வங்கியின் பொறியாளராகப் பணியாற்றியவர். அதனுடன் வானியல் கருவிகளை உருவாக்கும் தொழிலையும் நடத்தி வந்தார். ஹோவார்ட் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் குடிசார் பொறியியல் பயின்றார். எனினும் தந்தையின் தொழிலில் துணை நிற்க வேண்டியிருந்ததால், பட்டம் பெறுவதற்கு முன்னரே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

மெல்பேர்ண் பெருந் தொலைநோக்கி

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் வானாய்வகத்திற்காக 48 அங்குல (சுமார் 122 செ.மீ.) விட்டமுடைய ஆடியைக் கொண்ட எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றை உருவாக்கும் பணி 1866இல் தாமஸ் கிரப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கெனவே டப்ளினின் ராத்மைன்ஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலை அமைக்கப்பட்டது. உலோக ஆடிகளை வார்த்து மெருகேற்றும் பணியில் ஹோவார்ட் முக்கியப் பங்கு வகித்தார். 1869இல் இத்தொலைநோக்கி மெல்பேர்ணில் நிறுவப்பட்டது.

அதன் எந்திர அமைப்பு சிறப்பானதாக இருந்தபோதிலும், எதிர்பார்த்த அளவுக்கு அத்தொலைநோக்கி பயன்படவில்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த அதன் ஆடிகள் காலப்போக்கில் பளபளப்பை இழந்தன. அவற்றை மீண்டும் மெருகேற்றுவது ஆடியின் வடிவத்தையே மாற்றக்கூடிய நுட்பமான வேலை. அதற்குரிய தேர்ச்சி பெற்றவர்கள் மெல்பேர்ணில் இல்லை. கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்துபவரால் எளிதில் கையாளவும் பராமரிக்கவும் முடிய வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வானாய்வகக் கருவிகள்

தந்தைக்குப் பின்னர் நிறுவனத்தின் பொறுப்பை ஹோவார்ட் ஏற்றார். வியன்னா வானாய்வகத்திற்காக இவர் உருவாக்கிய 27 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி, முடிக்கப்பட்ட காலத்தில் அவ்வகையில் உலகிலேயே பெரியதாக இருந்தது. கிரீனிச் வானாய்வகத்தின் 28 அங்குலத் தொலைநோக்கி 1893இல் நிறுவப்பட்டது. வானம் முழுவதையும் ஒளிப்படமாகப் பதிவு செய்ய 1887இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் திட்டத்திற்காக, ஒரே அளவுடைய பல ஒளிப்படத் தொலைநோக்கிகளையும் இவரது தொழிற்சாலை செய்து கொடுத்தது.

1919 மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனின் ஈர்ப்பால் விண்மீன் ஒளி வளைகிறது என்ற ஐன்ஸ்டைனின் கருத்து சோதிக்கப்பட்டது. பிரேசிலின் சோப்ரால் நகரில் இருந்த குழுவினரின் பெரிய கருவி தெளிவற்ற படங்களையே தந்தது. அவர்கள் துணைக்கருவியாகக் கொண்டு சென்ற 4 அங்குல வில்லை எடுத்த படங்களே மிகத் தெளிவாக அமைந்தன. அந்தச் சிறிய வில்லை கிரப்பின் ஆக்கமாகும்.

இந்தியாவில் கிரப்பின் கருவிகள்

பவநகர் மகாராஜாவின் பொருளுதவியால் பூனாவில் அமைந்த தக்தசிங்ஜி வானாய்வகத்திற்காக 20 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றை கிரப் உருவாக்கினார். அக்காலத்தில் இந்தியாவில் இருந்தவற்றுள் அதுவே மிகப்பெரியது. அவ்வாய்வகம் 1912இல் மூடப்பட்டபோது, தொலைநோக்கி தமிழ்நாட்டின் கொடைக்கானல் வானாய்வகத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு அது பவநகர் தொலைநோக்கி என்று அழைக்கப்படுகிறது. ஐதராபாத் நிசாமியா வானாய்வகத்தின் 15 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கியும் கிரப் நிறுவனத்தைச் சேர்ந்ததாகும்.

எதிரொளிப்புக் குறிநோக்கி

துப்பாக்கியின் சாதாரணக் குறிநோக்கியில், கண்ணுக்கு அருகிலுள்ள பின்பள்ளம், குழலின் நுனியிலுள்ள முன்முனை, தொலைவிலுள்ள இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். ஆனால் மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தொலைவில் மட்டுமே குவிக்க முடியும். முன்முனை தெளிவாகத் தெரிந்தால் இலக்கு மங்கும். இலக்கு தெளிந்தால் முன்முனை மங்கும். வயது ஏற ஏறக் கண்வில்லையின் நெகிழ்வு குறைவதால் இச்சிக்கல் மேலும் கடினமாகிறது.

தொலைநோக்கிக் குறிநோக்கி இதற்கு ஒரு தீர்வாக அக்காலத்திலேயே இருந்தது. அதில் குறிக்கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் அமைவதால் கண் ஒரு முறை குவித்தால் போதும். ஆயினும் அதன் பார்வைப் பரப்பு குறுகியது. கண்ணைக் குறிப்பிட்ட தொலைவில், குழலின் நடுக்கோட்டில் வைத்திருக்க வேண்டும். சற்று விலகினாலும் காட்சி இருண்டுவிடும்.

கிரப் இச்சிக்கலை வானாய்வகக் கருவிகளில் வழக்கமான ஒரு முறையைக் கொண்டு தீர்த்தார். ஒரு வில்லையின் குவியத்தில் குறி ஒன்றை வைத்தால், அதிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்கள் வில்லையைக் கடந்தபின் இணைகதிர்களாகும். விண்மீனின் ஒளியும் அவ்வாறே இணைகதிர்களாகக் கண்ணை வந்தடைகிறது. ஆகவே அக்குறி முடிவிலாத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். இக்கதிர்களைச் சாய்வாக நிறுத்திய கண்ணாடித் தகட்டில் எதிரொளிக்கச் செய்தால், தகட்டின் வழியாக இலக்கையும், அதன்மீது படிந்தாற்போல் குறியையும் ஒருசேரக் காணலாம்.

இவ்வமைப்பில் கண் தொலைவில் மட்டும் குவிந்தால் போதும். தலை சற்று அசைந்தாலும் குறி இலக்கை விட்டு விலகுவதில்லை. கண்ணைக் குறிநோக்கிக்கு மிக அருகில் கொண்டுசெல்ல வேண்டியதும் இல்லை. இரு கண்களையும் திறந்து வைத்தே குறிபார்க்கலாம். கிரப் இதற்கு 1900இல் காப்புரிமை பெற்று, 1901இல் டப்ளின் அரச கழகத்தின் வெளியீட்டில் ஆய்வுக்கட்டுரையாக விளக்கினார்.

முதலாம் உலகப் போரும் நிறுவனத்தின் சரிவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நீர்மூழ்கிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. நீரில் மூழ்கிய நிலையில் கடற்பரப்பைக் காண உதவும் சூழ்நோக்கிகளை கிரப் வடிவமைத்தார். 1914இல் போர் மூண்டபின், பிரித்தானிய நீர்மூழ்கிகளுக்கான சூழ்நோக்கிகளில் பெரும்பகுதி ராத்மைன்ஸ் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. இதனால் வானாய்வகங்களுக்கான பணிகள் தேங்கின.

1916இல் டப்ளினில் எழுச்சி வெடித்தது. ஐரிஷ் கடலைக் கடந்து கருவிகளை அனுப்புவதும் செருமானிய நீர்மூழ்கிகளால் ஆபத்தானது. எனவே அரசின் விருப்பப்படி தொழிற்சாலை 1918இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே போர் நின்றது. போர்க்கருவிகளுக்கான தேவையும் குறைந்தது. புதிய இடத்தின் செலவும், தேங்கிக் கிடந்த தொலைநோக்கிப் பணிகளும் நிறுவனத்தை நெருக்கடியில் ஆழ்த்தின.

1925இல் நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ் நிறுவனத்தை வாங்கி, நியூகாசில் நகரில் சர் ஹோவார்ட் கிரப், பார்சன்ஸ் என்னும் பெயரில் மீண்டும் நிறுவினார். எண்பது வயதைக் கடந்திருந்த கிரப் ஓய்வு பெற்று டப்ளினுக்குத் திரும்பினார். 1931இல் தமது 87ஆவது வயதில் காலமானார். அவரது பெயரைத் தாங்கிய நிறுவனம் 1985 வரை இயங்கியது.

குறிநோக்கியின் பிற்கால வரலாறு

கிரப்பின் குறிநோக்கி உடனடியாகப் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. 1918இல் செருமானியர் தங்கள் போர் வானூர்திகளில் இவ்வகைக் குறிநோக்கியைச் சோதித்தனர். பிரித்தானியாவுக்குச் சூழ்நோக்கிகளை வழங்கிவந்த ஒருவரின் கண்டுபிடிப்பு, எதிர்த்தரப்பு வானூர்திகளிலேயே முதலில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. 1930களில் மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட எதிரொளிப்புக் குறிநோக்கிகள் பல நாடுகளின் போர் வானூர்திகளில் இடம்பிடித்தன.

கைத்துப்பாக்கிகளுக்கும் நீள்துப்பாக்கிகளுக்கும் ஏற்ற சிறிய ஒளிமூலம் கிடைக்க மேலும் காலம் பிடித்தது. ஒளியுமிழ் இருமுனையம் என்னும் எல்.ஈ.டி. வந்தபின்னரே அது இயன்றது. சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட செம்புள்ளிக் குறிநோக்கி இவ்வழியில் முன்னோடியாகும். இதில் தனி எதிரொளிப்புத் தகட்டிற்குப் பதிலாக, வளைந்த வில்லையே ஆடியாகவும் செயற்படுகிறது.

இன்றைய துப்பாக்கிகளில்

அரைத்தானியங்கித் துப்பாக்கிக்கு நடுத்தர விலையில் குறிநோக்கி தேர்ந்தெடுப்போர், கிரப் எதிர்கொண்ட அதே வினாவையே எதிர்கொள்கின்றனர். அடுத்தடுத்துச் சுடும்போது இலக்கை விரைவாக மீண்டும் காண்பதே முதன்மையானால் செம்புள்ளிக் குறிநோக்கி ஏற்றது. தொலைவிலுள்ள சிறிய இலக்கை அடையாளம் காண வேண்டுமானால் உருப்பெருக்கமுடைய தொலைநோக்கி வகை தேவைப்படுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதாக, உருப்பெருக்கத்தை ஒரு மடங்கிலிருந்து நான்கு அல்லது ஆறு மடங்கு வரை மாற்றக்கூடிய குறிநோக்கிகள் உள்ளன. அவற்றில் கண் ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ. தொலைவில் இருக்க வேண்டும்.

செம்புள்ளியின் அளவும் கவனிக்கத்தக்கது. ஒரு பாகையின் 60இல் இரண்டு பங்கு அளவுள்ள புள்ளி, 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 6 செ.மீ. பரப்பை மறைக்கும். கதிர்கள் சரியான இணைகதிர்களாக இருந்தால், கண் விலகுவதால் ஏற்படும் இடமாறு தோற்றப் பிழை வில்லையின் அரை விட்டத்தைத் தாண்டாது. 20 மி.மீ. வில்லையில் இது அதிகபட்சம் 1 செ.மீ. மட்டுமே. மலிவான கருவிகளில் வில்லையின் செம்மை குறைவதால் இப்பிழை கூடும். சிதறற் பார்வைக் குறைபாடு உடையோருக்குச் செம்புள்ளி கீற்றாகவோ சிதறியோ தெரியலாம். அவர்களுக்குக் கண்ணாடியில் பொறிக்கப்பட்ட கோடுகளைக் கொண்ட குறிநோக்கி பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சிறப்புகள்

கிரப் 1883இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1887இல் சர் பட்டம் பெற்றார். 1912இல் டப்ளின் அரச கழகத்தின் பாயில் பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. கிரைமியாவின் சிமெயிஸ் வானாய்வகத்தில் 1925இல் கண்டுபிடிக்கப்பட்ட 1058 கிரப்பா என்னும் சிறுகோளுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும் கிரப் நிறுவனத்தின் ஆக்கமே. போரினால் தேங்கி நின்று, பின்னர் பார்சன்ஸின் பொறுப்பில் நிறைவுற்ற கருவிகளுள் அதுவும் ஒன்றாகும்.